தொண்ணூறு கிராம்

அன்று என் கொப்பி முடிந்திருந்தது.
விசாரணை அறை மேசையில்
தண்ணீர்ப் போத்தலுக்கும்
கண் துடைக்கும் தாளுக்கும் நடுவே
எல்லாருக்கும் பொதுவாய்க் கிடந்த
கந்தோர்க் கடதாசியில் எழுதினேன்.

அவர் சொல்லிக்கொண்டே போனார்.
நாலு நிமிடம் நான் மறிக்கவில்லை.
படலை, நாய், டோர்ச் வெளிச்சம்,
கதவில் மூன்று தட்டு.
மொழிபெயர்க்கக் குனிந்தபோது
மை கால் பரப்பியிருந்தது.
கோட்டுக்குக் கோடு மயிர் முளைத்து
சுழிகள் தூர்ந்துபோய்
வந்தானா
வந்தாளா?

தமிழில் ஆள் வினையின் வாலில் வருகிறது.
ஜேர்மனுக்கோ முதல் அசையிலேயே
ஆணா பெண்ணா என்று வைத்தாக வேண்டும்.
வாயைத் திறந்து, மூடி,
மன்னிக்கவும், கதவுக்கு வந்தது யார் என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு முதலிலிருந்து சொன்னார்,
படலையிலிருந்து.

சனிக்கிழமை பேர்ன். மழை.
வளைவுகளுக்குக் கீழே போனால் குடை தேவையில்லை.
எபிஷர் அம்மாவின் கடை நிலவறைக்குள்,
ஐந்து படி இறங்க வேண்டும்.
பத்து மணிக்கு இறங்கினேன்.

மற்றவர்கள் தங்கள் கையொப்பத்தைப் போட்டுப் பார்ப்பார்களாம்.
நான் ஒவ்வொரு தாளிலும்
வந்தாள் வந்தான் வந்தாள் வந்தான்.
காதல் கவிதையா, என்று கேட்டா.
இலக்கணம், என்றேன்.

ஒரு தாள் வெங்காயத் தோல்.
மை கசியவில்லை, பரவவில்லை.
திருப்பினால் முன்பக்கத்துச் சொல்லெல்லாம்
நிழலாய் நிற்கிறது.
ஒருவர் சொன்னதற்கு மேலே
இன்னொருவர் சொன்னதை எழுத மனமில்லை.

இன்னொன்று பட்டு.
மை மேலேயே மிதந்து
ஓரங்களில் சிவப்பாய் மினுங்கிற்று.
பதினெட்டு பிராங்க். கொடுத்திருப்பேன்,
ஆனால் நான் இடக்கைக்காரி.
எழுதிய சொல்லின் மீதே
என் சுண்டுவிரல் நடந்து போகும்.
பன்னிரண்டு எண்ணியும் காயவில்லை.
பன்னிரண்டு எண்ணுவதற்குள்
ஒரு மனுசன் வீட்டை விட்டு, ஊரை விட்டு,
கடலே கடந்துவிடுவான், சொல்லில்.

குமிழ்முனைப் பேனைக்கு மாறலாமே,
எந்தக் கடதாசியும் அதுக்குக் காணும் என்றா.
காணும்தான்.
ஆனால் அது அழுத்தும்.
இன்றைய தாளைக் கிழித்தெடுத்தாலும்
அடுத்த தாளில் பள்ளமாய்க் கிடக்கும்,
வெளிச்சத்தில் சாய்த்தால் வாசிக்கலாம்.
நான் எழுதுவதெல்லாம் அன்றைக்கே
யந்திரத்தில் அரைபட வேண்டியவை.

அரைக்கப் போகிற கடதாசிக்கா
இரண்டு மணித்தியாலமாய் நிற்கிறீர்கள்?

ஓம் என்றேன்.

அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
ஏணியை நகர்த்தி,
பள்ளிக்கூடச் சாமான்களுக்கு மேலிருந்து ஒரு கட்டை இறக்கினா.
முதன்முதல் மைப்பேனை பிடிக்கும் பிள்ளைகளுக்காம்.
தொண்ணூறு கிராம், கொஞ்சம் சொரசொரப்பு,
நாலு மில்லிமீட்டர்க் கட்டம்.
எழுதினேன். ஐந்து எண்ணித் தேய்த்தேன்.
விரலில் ஒன்றுமில்லை.
ன ன-வாக, ள ள-வாக இருந்தது.
திருப்பினேன். வெள்ளை.
அட்டையில் குடை பிடித்த ஒரு முள்ளெலி.
மூன்று பிராங்க் இருபது. ஆறு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை வேறொருவர்.
அதிகாரி முள்ளெலியை ஒருதரம் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பதினொரு தாள் எழுதினேன்.
வந்தாள் இருந்த இடத்தில் வந்தாள் இருந்தது,
முதல் அசையை வைத்தேன்,
வசனம் தன்பாட்டில் போயிற்று.

பதினொன்றையும் கிழித்துக் கொடுத்தேன்.
யந்திரம் இழுக்கும்போது
பிள்ளைகளின் கடதாசிக்குக் கொஞ்சம் திக்கிற்று,
தடிப்புத்தானே.

டிராமில் எடுத்துப் பார்த்தேன்.
இருபத்தொரு தாள் மிச்சம்.
அட்டையின் உள்ளே
பெயருக்கு ஒரு கோடு, வகுப்புக்கு ஒரு கோடு.
பேனையைத் திறந்தேன்.
அடுத்த தரிப்பு வந்துவிட்டது,
மூடிக்கொண்டு இறங்கினேன்.